வளர்ந்தபின் சிறுத்துப்போகும் உயிர்கள்: குறைவது வால் மட்டும்தானா?

நீர்முள்ளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பின், பள்ளிக்கு அடுத்துள்ள குட்டையிலிருந்து ஏழெட்டுத் தலைப்பிரட்டைகளை அந்தக் குட்டை நீரோடும் பாசியோடும் எடுத்துவந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்வது என் வழக்கம். தவளையானதும் அவற்றை அதே குட்டையில் விட்டுவிடுவோம். இந்த ஆண்டு, தலைப்பிரட்டையைச் சிறிது நீருடன் கண்ணாடித் தட்டில் விட்டு, தட்டுக்கு அடியில் வரைபடத்தாள் வைத்து, மேலிருந்து படமெடுக்கும் முறையைப் பின்பற்றினோம். பின்னங்கால்கள் நன்றாக வளர்ந்திருந்த நாளில் 4.2 சென்டிமீட்டர் இருந்த ஒன்று, முன்னங்கால்கள் வெளிவந்து வால் முழுவதும் மறைந்தபோது 1.5 சென்டிமீட்டர் தவளையாக உட்கார்ந்திருந்தது.

அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "வளர்ச்சி என்றால் பெரிதாவது என்று பாடத்தில் எழுதிப் போட்டீர்களே, இது வளர்ந்ததும் சிறியதாகிவிட்டதே, ஐயா" என்று கேட்டாள். வால் போய்விட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் அவள் எங்கோ படித்துவிட்டு வந்து, தென் அமெரிக்காவில் ஒரு தவளையின் தலைப்பிரட்டை தாய்த் தவளையைப் போல் மூன்று நான்கு மடங்கு நீளம் இருக்குமாமே, அங்கேயும் வால்தான் காரணமா என்றாள். எனக்கு விடை தெரியவில்லை.

வளர்ந்து முதிரும்போது உண்மையாகவே உடல் சிறுக்கும் விலங்குகள் உண்டா? உண்டென்றால், குறைந்த உடம்பு எங்கே போகிறது? இவ்விரண்டையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவில் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


கரைநாணல் எழுதியது:

ஐயா, உங்கள் மாணவி படித்தது உண்மை. அந்தத் தவளைக்கு உயிரியலார் இட்ட பெயர் சூடிஸ் பாரடாக்சா. டிரினிடாட் தீவிலும் வெனிசுவேலா, சுரினாம், பிரேசில் முதலிய நாடுகளிலும், நீர்த்தாவரங்கள் மண்டிய குளங்களில் வாழ்கிறது. வளர்ந்த தவளை 4.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரைதான். தலைப்பிரட்டையோ 22 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. உங்கள் உள்ளங்கையில் கிடத்தினால் வால் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும்.

இதைக் கண்டு ஐரோப்பியர் அடைந்த குழப்பம் வேடிக்கையானது. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் 1699ஆம் ஆண்டு சுரினாமுக்குச் சென்று, அங்குள்ள பூச்சிகளின் உருமாற்றத்தை வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டார். அவர் 1717இல் மறைந்தபின், 1719இல் வந்த பதிப்பில் சேர்க்கப்பட்ட படங்களுள் ஒன்று, தவளை படிப்படியாக மீனாக மாறுவதைக் காட்டியது. பெரிய வாலுடைய உருவம்தான் இறுதிநிலையாக இருக்க முடியும், சிறியதுதான் குட்டி என்று கொண்டதால் வரிசை தலைகீழாகிவிட்டது. உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலில், இந்தத் 'தவளை மீனை' ஃபீனிக்ஸ் பறவை, பல தலைப் பாம்பு ஆகியவற்றோடு சேர்த்து, நம்ப முடியாதவற்றின் பட்டியலில் வைத்தார். பின்னர் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைத் தவளையாக ஏற்று, முரண் என்ற பொருளிலேயே 'பாரடாக்சா' என்று பெயரும் கொடுத்துவிட்டார். உங்கள் மாணவிக்கு வந்த ஐயம் லின்னேயஸுக்கும் வந்திருக்கிறது என்று அவளிடம் தயங்காமல் சொல்லலாம்.

இனி, வால்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பங்கு வால்தான். அந்த 22 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் வாலும் அதன் மேலும் கீழும் விரிந்த துடுப்பும் ஆகும். வாலை நீக்கிவிட்டு மூக்கு நுனியிலிருந்து உடலின் கடைசிவரை அளந்தால், முற்றிய தலைப்பிரட்டையும் வளர்ந்த தவளையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. என் கருத்தில் வியப்பு இங்கேதான் இருக்கிறது. நம்மூர்த் தவளை, உங்கள் தொட்டியில் கண்டதுபோல், மிகச் சிறிய தவளைக்குஞ்சாக வெளியேறிப் பிறகு பல மாதங்கள் பூச்சி தின்று வளர்கிறது. சூடிஸ் அப்படியல்ல, வளர வேண்டியதையெல்லாம் தலைப்பிரட்டையாக இருக்கும்போதே வளர்ந்து முடித்துவிடுகிறது. வால் மறையும் நாளிலேயே அது ஏறக்குறைய முழுத் தவளை. ஆகவே அது சிறுத்துவிட்டது என்பதைவிட, உருமாறும் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டது என்பதே பொருத்தம்.

அந்த நாளை முடிவு செய்வது தைராய்டு சுரப்பு. 1912ஆம் ஆண்டு குடர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சுரப்பியின் திசுவை உணவாகக் கொடுத்துப் பார்த்தார். அவை காலத்துக்கு முன்பே உருமாறி மிகச் சிறிய தவளைகளாயின. அதற்கு எதிராக, தைராய்டை அகற்றிய தலைப்பிரட்டைகள் உருமாறவே இல்லை. தலைப்பிரட்டையாகவே தொடர்ந்து பெருத்தன. எந்த அளவில் தவளையாவது என்பது, எப்போது சுரப்பு உச்சத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது.

குறைந்த உடம்பு எங்கே போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வால் அறுந்து விழுவதில்லை. வால் இருந்த இடத்தில் ஒரு துண்டும் தொட்டியில் கிடைக்காததைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். தைராய்டு சுரப்பு வந்ததும் வாலிலுள்ள செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. தசையும் நாரும் நொதிகளால் கரைந்து இரத்தத்தில் சேர்ந்து, உடலுக்கு எரிபொருளாகவும் புதிய உறுப்புகளுக்குக் கட்டுமானப் பொருளாகவும் பயன்படுகின்றன. அந்த நாட்களில் அது எதையும் தின்பதில்லை. வாயே புதிதாக அமைந்துகொண்டிருக்கும்போது எதைக்கொண்டு தின்பது? கட்டுச்சோறாக வால் இருக்கிறது.


கடற்காகம் எழுதியது:

கரைநாணல் அவர்கள் தவளையைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி தவளையோடு நின்றுவிட்டால், 'வாலைக் கழித்தால் யாரும் சிறுப்பதில்லை' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். அது சரியாகாது. தலை முதல் வால் வரை முழு உடலுமே சுருங்கும் உயிர்கள் கடலில் இருக்கின்றன.

விலாங்கையும் அதன் உறவு மீன்களையும் எடுத்துக்கொள்வோம். இவற்றின் இளவுயிரி, மாவிலைபோலத் தட்டையாக, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி இருக்கும். ஒரு தாளின்மேல் வைத்தால் அடியிலுள்ள எழுத்தைப் படிக்கலாம். தோற்றம் இவ்வளவு வேறுபட்டதால் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தனி மீனினமாகவே கருதிப் பெயரிட்டிருந்தார்கள். 1890களில் இத்தாலியில் கிராசி, கலாண்ட்ரூச்சியோ என்ற இருவர், தொட்டியில் வைத்திருந்த இலை மீன் விலாங்காக மாறுவதைக் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. மாறும்போது அது நீளத்திலும் குறைந்தது. ஐரோப்பிய விலாங்கில் இந்தக் குறைவு சிறிதே. ஆனால் ஆங்கிலத்தில் போன்ஃபிஷ் எனப்படும் ஆல்புலா மீனில், 6 அல்லது 7 சென்டிமீட்டர் நீள இலை வடிவ இளவுயிரி, ஏறத்தாழப் பத்து நாட்களில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிச் சிறு மீனாகிறது. அதன் பிறகுதான் மறுபடியும் வளரத் தொடங்குகிறது.

எது சுருங்குகிறது என்றால், இலைபோன்ற அந்த உடலின் நடுவே இருப்பது தசை அல்ல. சர்க்கரைச் சேர்மங்களால் ஆன, நீரை ஏராளமாகப் பிடித்து வைத்திருக்கும் கூழ். மேல்தோலை ஒட்டி மெல்லிய தசைப்படலம். உள்ளே எல்லாம் கூழ். உருமாறும்போது கூழ் உடைந்து ஆற்றலாகச் செலவாகிறது, அது பிடித்திருந்த நீர் வெளியேறுகிறது. வடாம் காய்வதுபோல என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வடாம் காய்ந்தால் வடிவம் மாறாது. இங்கே காய்வதோடு எலும்பும் தசையும் உருவாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு கதையும் உண்டு. 1930ஆம் ஆண்டு, தென் ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில் 'டானா' என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பலின் வலையில் 1.84 மீட்டர் நீளமுள்ள ஓர் இலை வடிவ இளவுயிரி விழுந்தது. விரல் நீள இளவுயிரியே ஆள் உயர விலாங்காக வளரும் என்றால், ஆள் உயர இளவுயிரி எத்தனை பெரிதாக வளரும்? பெருக்கிப் பார்த்தவர்களுக்கு முப்பது மீட்டர் கடற்பாம்பு கிடைத்தது. அந்தக் கப்பலில் சென்ற அன்டன் ப்ரூன் என்ற உயிரியலாரே இதை நெடுங்காலம் நம்பியிருந்தார். 1970இல் டேவிட் ஸ்மித் என்ற ஆய்வாளர், அத்தகைய மாபெரும் இளவுயிரிகள் விலாங்குகளுடையவை அல்ல, ஆழ்கடலில் வாழும் முள்விலாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். அந்தக் குடும்பத்து மீன்கள் இளவுயிரியாக இருக்கும்போதே வளர்ச்சியில் பெரும்பகுதியை முடித்துக்கொள்கின்றன; உருமாறியபின் பெரிதாக வளர்வதில்லை. கரைநாணல் சொன்ன சூடிஸின் வழியேதான். கடற்பாம்பைத் தேடியவர்கள் செய்த பிழை, மேரியன் நூலின் படத்தில் நேர்ந்த பிழையின் தங்கை: சிறியது பெரிதாகத்தான் ஆகும் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன.


சந்திரிகை எழுதியது:

நான் படித்து எழுதவில்லை, பார்த்து எழுதுகிறேன். தருமபுரிப் பக்கம் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் உள்ளன. நீங்கள் அனைவரும் நீளத்தையே பேசுகிறீர்கள்; புழு வளர்ப்போர் எடையைப் பேசுவோம்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது புழு எறும்பைவிடச் சிறியது, அரை மில்லிகிராம்கூட இருக்காது. நான்கு முறை தோலுரித்து, இருபத்தைந்து நாட்களுக்குள் நான்கைந்து கிராம் எடைக்கு வந்துவிடும். அதாவது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. நான்காம் தோலுரிப்புக்குப் பின் வரும் ஐந்தாம் பருவத்தின் இறுதியை நெருங்கும் புழுதான் அதன் வாழ்நாளிலேயே மிகப் பெரியது. அதற்குப் பின் எல்லாமே இறக்கம்.

இறக்கம் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். புழு தழையைத் தொடாமல் ஒதுங்கும். வெள்ளையாக இருந்த உடல் தேன் பூசினாற்போல மங்கலாகத் துலங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஊடுருவும். நீளம் குறைந்து சற்றுக் கட்டையாகும். தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டும். பழுத்த புழு என்போம். அதைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டாகிய சந்திரிகையில் விட வேண்டும். விட்டவுடன் குடலில் எஞ்சிய எச்சத்தை எல்லாம் கழித்துவிட்டு, நீரும் விட்டபின்தான் நூல் நூற்கத் தொடங்கும். சந்திரிகைக்குக் கீழே செய்தித்தாள் விரிப்பது அதற்காகவே. எங்கள் முதல் வளர்ப்பில் இந்த ஈரத்தை நான் பொருட்படுத்தவில்லை. சன்னல்களையும் சாத்தி வைத்திருந்தேன். காற்றோட்டம் இல்லாமல் மனைக்குள் ஈரம் தேங்கி, பாதிக்கு மேல் கூடுகள் நூல் எடுக்கத் தகுதியில்லாதவையாகி, சந்தையில் கேட்ட விலைக்கு விட்டுவிட்டு வந்தோம். புழுவின் உடம்பில் குறைவது எங்கே போகிறது என்பதை அன்று நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

நூற்றபின் கூட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு ஒன்றரை கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கூட்டின் பட்டு ஓடு அரை கிராமுக்கும் குறைவு. மீதி எடை எச்சமாகவும் நீராகவும் போனது. இன்னும் ஒரு பங்கு மூச்சில் போனது. கூட்டுக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களும் அது மூச்சுவிட்டுக்கொண்டே உடலை எரிக்கிறது. வெளிவரும் அந்துப்பூச்சிக்குத் தின்ன வாய் இல்லை; சேர்த்து வைத்ததைச் செலவழித்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துபோகும். ஆண் பூச்சியைக் கையில் வைத்தால் எடையே தெரியாது.

ஆகவே ஐயா, முதிரும்போது சிறுப்பதற்கு உங்கள் பிள்ளைகள் தென் அமெரிக்காவுக்கோ ஆழ்கடலுக்கோ போக வேண்டியதில்லை. எலுமிச்சைச் செடியில் இருக்கும் பச்சைப் புழுவை இலையோடு ஒரு புட்டியில் வைத்து, அது வண்ணத்துப்பூச்சியாகும்வரை நகைக்கடைத் தராசு ஒன்றில் நாள்தோறும் எடை போட்டால் போதும். சிறகு விரிந்திருப்பதால் பெரிதாகத் தெரியும், தராசு ஏமாறாது.


உழவாரக்குருவி எழுதியது:

பறவைகளில் எலும்பு சுருங்குவதில்லை, ஆனால் எடையில் இதே கதை உண்டு. வெனிசுவேலாவின் கரிபே குகையில் வாழும் எண்ணெய்ப் பறவையின் குஞ்சு, பனைவகைப் பழங்களின் கொழுப்பை உண்டு, பெற்ற பறவையைப்போல் ஒன்றரை மடங்கு எடைக்கு வந்துவிடும். பிறகு இளைத்தால்தான் பறக்க முடியும். 1799இல் அக்குகைக்குச் சென்ற ஜெர்மன் இயற்கையியலார் ஹம்போல்ட், அங்குள்ள மக்கள் அக்குஞ்சுகளைப் பிடித்துக் கொழுப்பை உருக்கி விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் எடுப்பதை எழுதிவைத்தார். உழவாரன் குடும்பத்துக் குஞ்சுகளும் கூட்டில் பெற்றோரைவிடக் கனத்து, சிறகின் நீளத்துக்கு ஏற்ற எடை வரும்வரை இளைத்துவிட்டே வெளியே பாய்கின்றன.

கலாபகசுத் தீவுகளின் கடல் இகுவானா என்ற பெரிய பல்லிகளையும் சேர்த்துக்கொள்ளலாமா? எல் நினோ ஆண்டுகளில் கடற்பாசி அழிந்து உணவு இல்லாதபோது, அவை உடல் நீளத்திலேயே 20 விழுக்காடு வரை குறைந்ததாக 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் விகெல்ஸ்கி, கொரின்னா தாம் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இங்கே எலும்பே கரைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.


கரைநாணல் எழுதியது:

இகுவானாவைத் தனியே வைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். அது முதிர்வதால் சிறுக்கவில்லை. பசியால் சிறுத்து, உணவு திரும்பியதும் மறுபடி நீள்கிறது. வட ஐரோப்பிய மூஞ்சூறு இன்னும் தொல்லை தருவது. அதன் மண்டையோடு குளிர்காலத்தில் சுருங்குவதைப் போலந்தின் ஆகஸ்ட் டேனல் 1949இல் பதிவு செய்தார். 2017இல் ஜெர்மனியில், தனித்தனி மூஞ்சூறுகளைப் பிடித்து, அடையாளச் சில்லு பொருத்தி விட்டு, மீண்டும் பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதும் மண்டையின் உயரம் சராசரியாக 15 விழுக்காடு அளவு குறைந்தது உறுதியாயிற்று. ஆனால் குறைவது முதிராத இளம் மூஞ்சூறு. வசந்தத்தில் முதிர்ந்து இணை தேடும்போது மண்டை மீண்டும் ஓரளவு வளர்கிறது. இது ஐயா கேட்டதற்கு நேர் எதிர்.

சந்திரிகை அவர்கள் எடையைக் கொண்டுவந்தது நன்று. தலைப்பிரட்டையின் எடையும் உருமாற்றத்தின்போது குறையவே செய்கிறது. நீர்முள்ளி ஐயா, உங்களிடம் வரைபடத்தாளின்மேல் எடுத்த படங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் வாலைத் தவிர்த்து உடலை மட்டும் அளந்து பார்த்தீர்களா?


நீர்முள்ளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பு முடிந்தபின் அந்த மாணவியையும் இன்னும் இருவரையும் உட்கார வைத்து, பழைய படங்களைக் கணினியில் பெரிதாக்கிக் கட்டங்களை எண்ணினோம். 4.2 சென்டிமீட்டரில் வால் 2.5, உடல் 1.7. வால் மறைந்தபின் உடல் 1.5. கண்ணாடித் தட்டில் தலைப்பிரட்டை சற்று வளைந்து கிடந்திருக்கலாம் என்று வேறு நாட்களின் படங்களையும் அளந்தோம். மற்ற மூன்றிலும் இதைப்போலவே ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர் குறைகிறது. ஆகவே வால் மட்டும்தான் என்று நான் சொன்னது பிழை.

எது குறைந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். முதல் படத்தில் வயிறு உருண்டையாக, தோலுக்கு அடியில் ஜாங்கிரி பிழிந்ததுபோலச் சுருள் சுருளாகக் குடல் தெரிகிறது. கடைசிப் படத்தில் வயிறு ஒட்டிக்கிடக்கிறது. பாசி தின்பதற்கு நீண்ட குடல் வேண்டும், பூச்சி தின்பதற்குக் குறுகிய குடல் போதும் என்பது பாடத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. எலுமிச்சைச் செடிப் புழு இரண்டு கிடைத்திருக்கிறது. தராசுக்குத்தான் ஊரில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.